பன்னெண்டு குப்பி இருக்கு

சுத்திக்கிட்டே இருக்கா சார்? விடுங்க, இப்ப வராது. டிக்கெட் ஆப்தானே? திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள தொறந்தா உங்க அதிர்ஷ்டம். நீங்க பாட்டுக்கு ஜன்னல் பக்கம் போனத் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க. அது சிக்னல் கோளாறு இல்ல சார், எழுதினவன் கோளாறு. நீங்க ஒவ்வொரு தடவை தொடும்போதும் எங்கேயோ இருக்குற பெரிய கம்ப்யூட்டர்கிட்ட ஓடிப்போய், எல்லாத்தையும் மொதல்லேருந்து கேட்டுட்டு வருது. சோம்பேறித்தனமா எழுதியிருக்கான்.

தப்பா நெனைக்காதீங்க. இதுதான் என் தொழில். வேகம். மெதுவா ஓடுற ஆப்ப என்கிட்ட குடுத்தா ஓட வெச்சுக் குடுப்பேன். பதினெட்டு வருஷம் மெட்ராஸ்ல பெரிய கம்பெனியில இதே வேலைதான் பாத்தேன். அங்கேருந்து நானாத்தான் விட்டுட்டு வந்தேன். குணசீலன்னு சொன்னா இந்த லைன்ல நாலு பேருக்குத் தெரியும். நாலு பேருக்காவது தெரிஞ்சிருந்தது.

எப்படி வேகமாக்குறதுன்னு கேக்குறீங்களா? ரொம்ப சிம்பிள். அதோ கண்டக்டரப் பாருங்க. மேல்மருவத்தூருக்கு எவ்வளவுன்னு கேட்டா டக்குனு சொல்றார். ஆளாளுக்கு டிப்போவுக்கு போன் போட்டுக் கேட்டா சொல்றார்? மனசுல ஏத்தி வெச்சிருக்கார். அதேதான். அடிக்கடி கேக்குற விஷயத்த ஒரு நகல் எடுத்துக் கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்கணும். கேஷ்னு சொல்லுவோம். கல்லாப்பெட்டி கேஷ் இல்ல, இது வேற.

கட்டணம் மாறிட்டா என்ன பண்றதா?

பாத்தீங்களா. பத்து நிமிஷம்கூட ஆகல, நீங்களும் அதே கேள்விதான் கேக்குறீங்க. இதே கேள்விய ஒரு பொண்ணு கேட்டா சார். கேட்டுக் கேட்டே என்னைத் தெருவுல நிறுத்திட்டா.

சொல்றேன். செங்கல்பட்டு வரைக்கும்தானே வர்றீங்க, நேரம் இருக்கு.

இந்தப் பக்கம் ஒரு அறக்கட்டளை இருக்கு. பேரு வேணாம். ஆம்புலன்ஸ் ஓட்டுறாங்க, நாப்பது வண்டி. விபத்து, பிரசவம், பாம்புக்கடி, எதுன்னாலும் கூப்பிட்டா வருவாங்க. டிரைவருங்க கையில ஒரு ஆப். அதத் தொறந்தா சுத்துவட்டாரத்துல இருக்குற இருபத்திமூணு ஆஸ்பத்திரியும் வரும். எதுல மூச்சுக்கருவி காலியா இருக்கு, எதுல எந்த ரத்தம் இருக்கு, எதுல பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கு, எல்லாம் வரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் மருந்தகத்துல இருக்குறவங்க, எடுக்க எடுக்கப் பதிஞ்சுக்கிட்டே இருப்பாங்க. நல்ல ஏற்பாடுதான். ஆனா தொறக்க பதினாலு செகண்டு ஆகும். எண்ணிப் பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு... பின்னாடி ஒரு உசுரு துடிச்சிக்கிட்டு இருக்கும்போது பதினாலு செகண்டுன்னா என்னன்னு தெரியும். டிரைவருங்க அதத் தொறக்குறதே இல்ல. போனப் போட்டு, 'ஏம்மா, மருந்து இருக்கா, வரலாமா'ன்னு நேரா ஆஸ்பத்திரியையே கேட்டுட்டு வண்டிய எடுப்பாங்க. அவ்வளவு பாடுபட்டு ஒரு ஆப் செஞ்சு, அத ஒருத்தனும் தொடலைன்னா எப்படி இருக்கும்?

அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நிர்வாகி கோதண்டபாணி சார், அவரே வந்து கூப்பிட்டார். மாசி மாசம் சேந்தேன்.

வந்ததும் நான் மொதல்ல என்ன பண்ணினேன் தெரியுமா? ஆராய்ச்சி பண்ணினேன். சும்மா கைய வெக்கிற ஆள் இல்ல நான். முப்பது நாள் பதிவ எடுத்து வெச்சுக்கிட்டுப் பாத்தா, ஒரு ஆஸ்பத்திரியில பாம்புக்கடி மருந்தோட எண்ணிக்கை மாறுறதே ஒம்போது நாளைக்கு ஒரு தடவைதான். சராசரி. ஒம்போது நாளைக்கு ஒருக்கா மாறுற ஒண்ண, நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடிப்போய்க் கேட்டுக்கிட்டு இருக்கு இந்த ஆப். சிரிப்பு வருதா இல்லையா?

ரெண்டு வழி இருக்கு சார் நகல் எடுக்க. ஒண்ணு, யாராவது கேக்கும்போது எடுக்கிறது. மொதல்ல கேக்குறவன் காத்துக் கெடப்பான், அடுத்து வர்றவனுக்கு சீக்கிரம் கெடைக்கும். அந்த மொத ஆளு நெஞ்சுவலிக்காரனா இருந்தா? எனக்குப் புடிக்கல. இன்னொண்ணு, யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே மொத்தத்தையும் ஏத்தி வெச்சிடறது. அதத்தான் பண்ணினேன். காலைல அஞ்சரைக்கு, டிரைவருங்க டூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி, இருபத்திமூணு ஆஸ்பத்திரியும் நகலுக்குள்ள வந்து உக்காந்திரும். மறுபடி பதினொன்றரைக்குப் புதுசு. மறுபடி சாயங்காலம் அஞ்சரைக்குப் புதுசு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

பதினாலு செகண்டு என்னாச்சு தெரியுமா? புள்ளி எட்டு. ஒரு செகண்டுகூட இல்ல சார், புள்ளி எட்டு.

கேக்கு வெட்டினாங்க. கோதண்டபாணி சார் சால்வை போத்தினார். டிரைவருங்க எல்லாரும் கைய புடிச்சுக் குலுக்கினாங்க. முனிவேல்னு ஒருத்தர், அம்பது வயசுக்கு மேல, அறக்கட்டளை ஆரம்பிச்ச நாள்லேருந்து வண்டி ஓட்டுறவர். அவர் சொன்னார், 'சார், இனிமே போன் போடுற வேலையே இல்ல, தொட்டா வருது.' அந்த முனிவேல்தான் பின்னால எனக்கு எதிரா எழுதிக் குடுத்தார். மனுஷங்க இப்படித்தான்.

அந்தப் பொண்ணு பேரு அமலி. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஆறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்துல இருந்தவ. சீட்டப் பாத்து மருந்து எடுத்துக் குடுக்குற வேலை. அப்புறம் இங்க வந்து, டிரைவருங்க போன் பண்ணினா பதில் சொல்ற இடத்துல உக்காந்தா. உக்காந்த இடத்துலயே தானாக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டாளாம். எல்லாரும் அத என்னமோ பெரிய அதிசயம் மாதிரி சொல்லுவாங்க. வீட்ல உக்காந்து வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவ சார். நான் பதினெட்டு வருஷம்.

கேக்கு வெட்டி ஒரு வாரம் ஆகல, என் மேஜைக்கு வந்து நிக்கிறா. கையில ஒரு நோட்டு. 'சார், கொளத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் ரெண்டு பாட்டில்னு ஆப் காட்டுது, நான் போன் பண்ணிக் கேட்டேன், ஒண்ணும் இல்லைன்றாங்க'ன்னா. அடுத்த தடவை புதுசாகும்போது சரியாயிடும்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள் மறுபடி வர்றா. அதுக்கு மறுநாள் மறுபடி. ஒவ்வொரு தடவையும் நோட்டுல நேரம் போட்டு எழுதி வெச்சுக்கிட்டு வருவா. எந்த ஆஸ்பத்திரி, ஆப்ல என்ன, நெஜத்துல என்ன. எனக்கு எப்படி இருக்கும்? யாரோ நம்ம பின்னாடியே நடந்து வந்து, நாம சிந்துறத எல்லாம் எண்ணிக்கிட்டே வர்ற மாதிரி.

அவ என்ன சொன்னான்னா, ஆஸ்பத்திரியோட பேரு, விலாசம், போன் நம்பர், போற வழி, இதெல்லாம் நாள் பூரா நகல்லயே கெடக்கட்டும், பரவால்ல. ஆனா மருந்து எண்ணிக்கைய அப்படி வெக்கக் கூடாது. மருந்தகத்துல ஒருத்தர் புது எண்ணிக்கை பதிஞ்ச உடனே, அந்த ஒரு ஆஸ்பத்திரியோட நகல மட்டும் அழிச்சிடணும். அடுத்து யார் கேட்டாலும் புதுசு வரும். மத்த இருபத்திரெண்டும் வேகமாவே இருக்கும். ஏதாவது கோளாறுல அழியாமப் போச்சுன்னா, பத்து நிமிஷத்துல தானா செத்துப் போற மாதிரி ஒரு கெடு வெச்சிரலாம்.

கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். அழிக்கிறதுன்றது எவ்வளவு வம்பு புடிச்ச வேலைன்னு எழுதினவனுக்குத்தான் தெரியும். ஒரு எடத்துல அழிக்க மறந்தா போச்சு. எனக்கு எல்லாம் ஒரே ஒழுங்குல இருக்கணும். ஆறு மணி நேரம்னா எல்லாத்துக்கும் ஆறு மணி நேரம்.

இத அவ கூட்டத்துல வேற எடுத்தா. ஆடி மாசம், பன்னெண்டு பேரு உக்காந்திருக்கோம், கோதண்டபாணி சாரும் இருக்கார். எந்திரிச்சு நின்னு சொல்றா, 'சார் எடுத்த முப்பது நாள் கணக்கு கோடைக் கணக்கு. பாம்பு மழைக்குத்தான் வெளிய வரும். ஐப்பசியில ஒரே நாள்ல மூணு பேர் வருவாங்க, நான் பாத்திருக்கேன்.' அதோட விட்டாளா? 'மருந்தகத்துல ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு காலாவதி தேதி இருக்கு. அலமாரியில இருக்குற எல்லாத்துக்கும் ஒரே தேதி போட்டா நாங்க வெச்சிருந்தோம்?' அப்படின்னா.

நான் கோவப்படல. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னேன். 'மாத்திரை எண்ணுறதும் இதுவும் ஒண்ணு இல்லம்மா.'

அவ்வளவுதான். ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அவ நோட்ட மூடிட்டு உக்காந்துட்டா. கோதண்டபாணி சார் அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார். இதப் போய், பின்னால வெச்ச விசாரணையில 'இழிவுபடுத்தினார்'னு எழுதியிருக்காங்க. சிரிச்சிக்கிட்டே சொன்னது சார்.

அப்புறம் அவ தனியா வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. நகல மாத்த வேணாம், எதையும் மாத்த வேணாம். எண்ணிக்கைக்குக் கீழ பொடி எழுத்துல 'பதினொன்றரை மணி நிலவரம்'னு நேரத்தக் காட்டினாப் போதும். பாக்குற டிரைவர் பழசா புதுசான்னு தானே முடிவு பண்ணிக்குவார்.

மாட்டேன்னுட்டேன். ஏன்னு கேளுங்க. அஞ்சு மணிக்கு ஆப்பத் தொறக்குறவன் பதினொன்றரை மணி நிலவரம்னு பாத்தா என்ன நெனைப்பான்? இது பழசுய்யான்னு தூக்கிப் போட்டுட்டு மறுபடி போன் போட ஆரம்பிப்பான். நான் பண்ணினதெல்லாம் வீண். தெரை சுத்தமா இருக்கணும் சார். ஒரு எண்ணு. அவ்வளவுதான்.

அப்படிப் பாக்காதீங்க. நீங்களும் அவ கட்சியா?

சரி, கேளுங்க. ஐப்பசி பொறந்து மழை புடிச்சுது. ஒரு வியாழக்கிழமை. மலையடிவாரத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு. அங்க காலைல பன்னெண்டு குப்பி இருந்துது. பதினொன்றரைக்கு நகல் எடுக்கும்போதும் பன்னெண்டு. மதியம் பன்னெண்டு மணிக்கு மேல அந்த ஊர்க்காரர் ஒருத்தர் கடி வாங்கிட்டு வந்திருக்கார். பத்து குப்பி போட்டுட்டாங்க. மிச்சம் ரெண்டு.

மருந்தகத்துல இருந்தவங்க மட்டும் கொஞ்சம் அசந்திருந்தா எனக்கு இந்தக் கதி இல்ல. சாயந்தரமாப் பதிஞ்சிருந்தா, ஏன்யா லேட்டுன்னு கேட்டிருக்கலாம். ஆனா பன்னெண்டு இருபத்தஞ்சுக்கெல்லாம் ரெண்டுன்னு ஒழுங்காப் பதிஞ்சு வெச்சிட்டாங்க. பெரிய கம்ப்யூட்டர்ல ரெண்டு. என் நகல்ல பன்னெண்டு. எனக்கு ஆப்பு வெச்சதே அந்தப் பன்னெண்டு இருபத்தஞ்சுதான்.

சாயங்காலம் நாலு பன்னெண்டுக்கு ஒரு போன் வருது. மல்லாட்டைக் கொல்லையில, அதான் வேர்க்கடலைக் கொல்லையில, களை எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளை. அஞ்சலைன்னு பேரு. முப்பத்தெட்டு வயசு. கண்ணாடி விரியன். முனிவேல் வண்டிதான் போச்சு. ஏத்திட்டு ஆப்பத் தொறந்திருக்கார். பக்கத்துல மருந்து இருக்குறதா ரெண்டு ஆஸ்பத்திரி காட்டுது. கிழக்கால இருபத்திரெண்டு கிலோமீட்டர்ல ஒண்ணு, அதுல இருபது குப்பி. மேற்கால பதினெட்டுல ஒண்ணு, அதுல பன்னெண்டு குப்பி. எந்த டிரைவரா இருந்தாலும் என்ன பண்ணுவான்? கிட்ட இருக்குறதுக்குத்தான் போவான். அவரும் போனார்.

போனா ரெண்டு குப்பிதான் இருக்கு. அதப் போட்டுட்டு, இது பத்தாது, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. அங்கேருந்து திரும்பி, வந்த வழியே வந்து, கிழக்கால போய்ச் சேரும்போது மணி ஆறு அஞ்சு. நேராப் போயிருந்தா அஞ்சுக்குள்ள போயிருக்கலாம்னு கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. கணக்குப் போடுறது ஈசி.

சாகல சார். அதச் சொல்லணும்ல? அந்தம்மா சாகல. ரெண்டு கிட்னியும் நின்னு போச்சு. ஒரு மாசம் பெரிய ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்தாச்சு. இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் போய் மிஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணிட்டு வரணும். விரியன் கடிச்சா சீக்கிரமா மருந்து போட்டாக்கூட கிட்னி போறது உண்டுன்னு டாக்டருங்களே சொல்றாங்க. அத யாராவது எழுதினாங்களா?

விசாரணை வெச்சாங்க. மூணு பேரு. முனிவேல்கிட்ட நான் நேருக்கு நேரே கேட்டேன். 'இத்தனை வருஷம் போன் போட்டுக் கேட்டுட்டுத்தானே வண்டி எடுத்தீங்க, அன்னைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?' நியாயமான கேள்வி இல்லையா? அந்த மனுஷன் என்னையே பாத்துக்கிட்டு சொல்றார்: 'சார், அது மெதுவா இருந்தவரைக்கும் நாங்க அத நம்பல. போன் போட்டோம். நீங்க வேகமா ஆக்கிக் குடுத்தீங்க, நம்பிட்டோம்.'

இதெல்லாம் ஒரு பதிலா? வேகமா வந்தா நம்பிடறதா? ஆனா அந்த மூணு பேரும் தலைய ஆட்டி ஆட்டி எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் அமலியக் கூப்பிட்டாங்க. நோட்டோட வந்தா. சித்திரையிலேருந்து எழுதி வெச்சிருக்கா. நூத்தி நாப்பது தடவை. நேரம், ஆஸ்பத்திரி, ஆப்ல என்ன, நெஜத்துல என்ன. என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. அதுதான் சார் சாமர்த்தியம். திட்டியிருந்தா பொறாமைன்னு சொல்லியிருப்பேன். நோட்ட மேஜை மேல வெச்சா, போயிட்டா.

என்னை வேலையிலேருந்து தற்காலிகமா நிறுத்தி வெச்சாங்க. அந்த வேலைய அவகிட்ட குடுத்தாங்க. ரெண்டே நாள்ல மாத்தியிருக்கா. நானும் அதப் பாத்தேன், அங்க இருக்குற ஒருத்தர் எனக்கு அனுப்பினார். பதினோரு வரி. பதிஞ்சா அழி, கேட்டா எடுத்து வை, பத்து நிமிஷம் கெடு, கீழ நேரம். நான் ஒரு தப்புக் கண்டுபிடிக்கணும்னு ரெண்டு நாள் உக்காந்தேன். ஒரு எடத்துல ஒரு வரி கூடுதலா எழுதியிருக்கா. அது இல்லாமலும் ஓடும். அவ்வளவுதான் கெடைச்சுது.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? இப்ப அது தொறக்க ஒண்ணு புள்ளி ஒண்ணு செகண்டு ஆகுது. என்னோடது புள்ளி எட்டு.

நாளைக்கு மெட்ராஸ்ல அறக்கட்டளையோட பெரியவங்க முன்னாடி நான் கடைசியா பேசணும். என் பக்கத்தச் சொல்ல ஒரு வாய்ப்பு. அதுக்காகத்தான் இன்னைக்குக் காலைல கெளம்பி அந்த ஊருக்கே போனேன். அந்த அஞ்சலை வீட்டுக்கு. ஏன்னா எனக்கு ஒரு சந்தேகம். கிராமத்துல பாம்பு கடிச்சா நேரா ஆம்புலன்ஸக் கூப்பிடுவாங்களா? கால இறுக்கிக் கட்டி, மந்திரிக்கிறவர்கிட்ட போய், வேப்பிலை அடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கூப்பிடுவாங்க. அந்த ஒரு மணி நேரத்த மட்டும் நான் எழுதி வாங்கிட்டேன்னா, அந்தக் கிட்னி என் நகலால போகல. அவங்க தாமதத்தால போச்சு. அதுக்குன்னே ஒரு நோட்டு வாங்கிட்டுப் போனேன்.

ஆபீஸ்லேருந்து வர்றேன்னுதான் சொன்னேன். முழுப் பொய் இல்ல, இன்னும் என்னை வேலைய விட்டு எடுக்கலையே.

புருஷன் பேரு வேலாயுதம். நாற்காலி எடுத்துப் போட்டார். நான் சுத்தி வளைக்காம, எத்தனை மணிக்குக் கடிச்சுது, எத்தனை மணிக்குக் கூப்பிட்டீங்கன்னு கேட்டேன். அவர் சொல்றார், பள்ளிக்கூடத்து வேன் போச்சு, அது நாலு மணி வேன், அப்பத்தான் கத்தினா. கொல்லைக்காரர் போன வாங்கி உடனே கூப்ட்டோம், பத்து நிமிசங்கூட இருக்காது. கால்ல கட்டுகிட்டு எதுவும் கட்டக் கூடாதுன்னு ஊர்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க, அதனால கட்டல. மந்திரிக்கிறவர்கிட்ட போகலையான்னு கேட்டேன். அவர் செத்து நாலு வருசம் ஆச்சுங்கன்னார்.

சொல்லிக் குடுத்த மாதிரி பேசுறார் பாருங்க. பத்து நிமிஷமாம். நம்புறதா? ஆனா எழுதிக்கிட்டேன். வேற என்ன பண்றது.

கெளம்பலாம்னு எந்திரிச்சேன். உள்ள கட்டில்ல படுத்திருந்த அந்தம்மா, யாரு வந்திருக்கிறதுன்னு கேட்டாங்க. ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேருந்துன்னு புருஷன் சொன்னார். உள்ள வரச் சொன்னாங்க. எனக்குப் போக இஷ்டமில்ல. ஆனா எப்படி மாட்டேன்னு சொல்றது? போனேன். மொகம் ஊதியிருக்கு. கை மணிக்கட்டுல மிஷினுக்காக வெட்டித் தைச்சிருக்காங்க. அந்தக் கைய மட்டும் தனியா ஒரு தலகாணி மேல வெச்சிருந்தாங்க. எந்திரிக்கப் பாத்தாங்க, வேணாம்மா படுங்கன்னேன்.

திட்டுவாங்கன்னு நெனைச்சேன். திட்டியிருந்தா எனக்கும் பதில் இருந்துது. விரியன் கடி, கிட்னி, டாக்டர் சொன்னது, எல்லாம் தயாரா வெச்சிருந்தேன்.

திட்டல. மெதுவாப் பேசினாங்க. 'அந்த டிரைவரு அண்ணன ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். என்ன ஏத்தினதும் போனப் பாத்தாரு. பாத்துட்டு, பயப்படாதம்மா, பன்னெண்டு குப்பி இருக்குதுன்னாரு. அதக் கேட்டதும் நா அழுவறத வுட்டுட்டேன். எம் பொண்ணு திருப்பூர்ல கம்பெனியில இருக்கறா, அவளுக்குக்கூட போன் பண்ண வேணான்னுட்டேன். அதான் இருக்குதே, பொழைச்சிக்குவோம், அவள எதுக்கு பயமுறுத்தணும்னு.'

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாங்க. அப்புறம் கேட்டாங்க.

'அந்தப் பன்னெண்டுன்னு சொன்னது யாரு சார்?'

சத்தியமாச் சொல்றேன், கோவமாக் கேக்கல. தெரிஞ்சிக்கிறதுக்குத்தான் கேட்டாங்க. ஆபீஸ்லேருந்து வந்திருக்கேன், எனக்குத் தெரியும்னு நெனைச்சுக் கேட்டாங்க.

நான், 'கம்ப்யூட்டர்மா'ன்னேன்.

'கம்ப்யூட்டரா'ன்னுட்டு அந்தம்மா என்னையே பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'அதுக்கு என்னா தெரியும். பாவம்.'

அவ்வளவுதான் சார். வந்துட்டேன். வேலாயுதம் டீ வெச்சிருந்தார், குடிக்கல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டேன். நாளைக்கு என்ன பேசணும்னு எழுதி வெச்சதெல்லாம் பையிலதான் இருக்கு. பேசுவேன். பேசாம என்ன, புள்ளி எட்டு செகண்டு யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது.

பாவம்னு அவங்க சொன்னது கம்ப்யூட்டரத்தான். நான் அந்த ஊர்லேருந்து விழுப்புரம் வர்ற வரைக்கும் யோசிச்சுப் பாத்துட்டேன், விழுப்புரத்துலேருந்து இங்க வரைக்கும் யோசிச்சுப் பாத்துட்டேன். நீங்களே சொல்லுங்க. கம்ப்யூட்டரத்தானே சொன்னாங்க?